ஏழு மணிக்கு வரும் மகன்

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது அம்மா உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நம்ம பையன் பாவம்டி. வெளியில பாக்கத்தான் முரடு. உள்ளுக்குள்ள குழந்தை. அவனைப் புரிஞ்சுக்க ஒருத்தர்கூட இல்லை."

மறுமுனையில் இருந்தது வெளியூரில் இருக்கும் என் அக்கா. வேறு யாரையும் அம்மா 'டி' போட்டுப் பேசமாட்டாள். நான் ஒரு காலில் செருப்போடும் மறுகால் வெறுங்காலாகவும் வாசலிலேயே நின்றுவிட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அந்த நாற்பத்தைந்து வருடத்தில் அம்மா என்னைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. இனிமேல் அவளிடம் தணிந்து பேச வேண்டும், நிறுத்தச் சொன்னால் சிகரெட்டையும் நிறுத்திவிட வேண்டும் என்று அந்த அரை நிமிடத்துக்குள் ஏகப்பட்ட முடிவுகள் எடுத்தேன்.

"இன்னைக்கு மறுபடியும் அம்மாவோட வளையலைத் தூக்கிட்டுப் போயிட்டான்டி" என்று அம்மா தொடர்ந்தாள். "ஆனா எடுக்கும்போது அவன் கண்ணைப் பாத்தியா? அதுல திருட்டே இல்லை."

அன்றைக்கு நான் எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவள் பேசியது தொலைக்காட்சியில் தினமும் ஏழு மணிக்கு வரும் நாடகத்தில் உள்ள மகனைப் பற்றி. மறுகால் செருப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு, "வந்துட்டியா? மேசை மேல பால் இருக்கு, எடுத்து உள்ள வை" என்றாள். எடுத்து உள்ளே வைத்தேன். சிகரெட்டையும் நிறுத்தவில்லை.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் பதினெட்டு வருடமாக வேலை. பதினேழு கட்டடங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று நாங்கள் குடியிருக்கும் ஆறு மாடிக் கட்டடம். அதனால் வீட்டில் இருக்கும் நேரமும் எனக்கு வேலை நேரம்தான். லிஃப்ட் நின்றால் எங்கள் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டி, "லிஃப்டு இருக்காரா?" என்பார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அம்மாவைக்கூட 'லிஃப்டோட அம்மா' என்று சொல்பவர்கள் உண்டு.

அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அப்பா எனக்கு ஒன்பது வயதில் போய்விட்டார். அம்மா கையில் எந்தத் துணி கிடைத்தாலும் நான்கு மூலையும் ஒன்றாகப் பொருந்தும்படி மடித்துவிடுவாள். துடைத்துப் போட்ட துண்டைக்கூட மடிப்பாள். பேச்சும் அப்படியே. தேவைக்கு ஒரு வார்த்தை அதிகமாக வராது. பால், எரிவாயு, குழாயில் தண்ணீர் வரும் நேரம், மின்கட்டணம். எங்கள் இருவருக்கும் இடையில் வருடக்கணக்காக இந்த நான்கு விஷயங்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அதற்குக் காரணம் நான் செய்த ஒரு காரியம், அவள் செய்யாத ஒரு காரியம். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பது வயதில் எனக்குத் தொழிற்பள்ளி பிடிக்கவில்லை, வீடு பிடிக்கவில்லை, என் மூக்கே பிடிக்கவில்லை. குளிர்பானம் ஏற்றும் வேனில் உதவியாளாகச் சேர்ந்தேன். ஒரு நாள் மத்தியானம், முதலாளி சாப்பிடப் போன நேரத்தில், கூட்டாளிகள் இரண்டு பேரோடு கொஞ்சம் குடித்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வண்டி ஓட்டத் தெரியும் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். சொல்லிச் சொல்லி நானும் நம்பிவிட்டேன். இரண்டாவது திருப்பத்தில் ஒரு முடிதிருத்தகத்தின் இரும்புக் கதவுக்குள் வண்டியோடு நுழைந்தோம். நல்ல வேளையாக அன்றைக்கு அவர்களுக்கு விடுமுறை. யாருக்கும் அடியில்லை. எண்பது பாட்டில்கள் மட்டும் போயின.

காவல் நிலையத்தில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். மூன்றாவது நாள் மாமா வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு போனார். வாசலில் இறங்கியதும், "அம்மா வரலையா?" என்று கேட்டேன். "அவளுக்கு வேலை" என்றார்.

அவ்வளவுதான் சம்பவம். ஆனால் அதை வைத்துக்கொண்டு நான் இருபத்தாறு வருடம் வாழ்ந்தேன். பெற்ற பிள்ளை உள்ளே கிடக்கும்போது வேலைக்குப் போன தாய். என் கதையில் இன்னொரு ஆளும் உண்டு: ஒரு போலீஸ்காரர். நான் இருமுவதைக் கேட்டு எங்கிருந்தோ இருமல் மருந்து கொண்டுவந்து கொடுத்தவர். "முன்னபின்ன தெரியாத போலீஸ்காரனுக்கு இருந்த ஈரம் பெத்தவளுக்கு இல்லை" என்று முடிப்பேன். அந்த இடத்தில் குரல் தானாகவே கொஞ்சம் உடையும். நான் உடைப்பதில்லை. பழக்கம்.

கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணோடு எனக்குக் கல்யாணம் பேசி வந்தார்கள். முதல் சந்திப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். கண் கலங்கினாள். இரண்டாவது சந்திப்பில் சொன்னேன். தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். நான்காவது முறை ஆரம்பித்தபோது, "அதுக்கப்புறம் உங்களுக்கு வேற எதுவுமே நடக்கலையா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவளுடைய பேருந்து வந்துவிட்டது.

இனி நாடகத்துக்கு வருகிறேன். ஒரு தாய், ஒரு மகன். மகன் படிப்பை விடுவான், குடிப்பான், வளையலை எடுப்பான், ஜன்னலை உடைப்பான், பிறகு உடைந்த கண்ணாடியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு கூரையைப் பார்த்து அழுவான். தாய் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குவாள். பின்னணியில் புல்லாங்குழல். இதுதான் தினமும். ஆனால் எங்கள் கட்டடமே அதில் மூழ்கிப்போயிருந்தது. இரண்டாம் மாடி நர்ஸ் பணி முடித்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல், ஆறு ஐம்பதுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் வீட்டில் கணவர் அந்த நேரத்தில் பந்தாட்டம் பார்ப்பாராம். ஐந்தாம் மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். அவருடைய தொலைக்காட்சி நன்றாகத்தான் வேலை செய்தது. தனியாக அழப் பிடிக்காமல் இங்கே வந்தார்.

நர்ஸ் கறார். "இவனை ஒரு வாரம் எங்க வார்டுல விடுங்க, நெட்டுக்குத்தா நிமித்திடறேன்" என்பார். வாத்தியார் ஒவ்வொரு நாள் முடிவிலும் அந்தத் தாய்க்கு மதிப்பெண் போடுவார். "இன்னைக்கு அம்பத்தெட்டு. அவன் பொய் சொல்றான்னு தெரிஞ்சும் சாவியைக் குடுத்தா பாருங்க, அங்க பன்னெண்டு மார்க் போச்சு." என் அம்மா இருவரையும் ஒரே பார்வையில் அடக்குவாள். "நம்ம பையனை ஒண்ணும் சொல்லாதீங்க. அவனுக்குள்ள என்ன ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்கவில்லை. கதவருகில் நின்று, அன்றைய வேலையின் கிரீஸைக் கையிலிருந்து துடைத்துக்கொண்டே பார்த்தேன். எனக்கு அந்த நாடகத்துப் பையன்மேல் பொறாமை வந்தது. ஆமாம், பொறாமைதான். முகப்பூச்சோடு அழுகிற இருபத்திரண்டு வயது நடிகன்மேல், நாற்பத்தைந்து வயதில், முன் மண்டை வழுக்கையோடு. நான் இடித்தது ஒரே ஒரு கடை. அவன் வாரத்துக்கு ஒன்றை இடித்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் தாங்காமல், "ரெண்டு அறை விட்டா எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

மூன்று தலைகளும் என் பக்கம் திரும்பின. அம்மா, மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

வீட்டில் வாய் திறக்க முடியாததால் வேறு வழியில் இறங்கினேன். அந்த நாடகத்தின் துண்டுக் காட்சிகளை இணையத்தில் போடுவார்கள். கீழே ஆயிரக்கணக்கான பேர் கருத்து எழுதுவார்கள். 'என் கண்ணீர் நிற்கவில்லை', 'என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது', 'மகனாக நடிப்பவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?' என்றெல்லாம். நான் ஒரு அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடி மெஷின் ரூமில் உட்கார்ந்து, மோட்டார் ஆறும் வரை, 'நியாயவான்' என்ற பெயரில் எழுதினேன்: 'இப்படிப்பட்ட மகனை வீட்டை விட்டுத் துரத்துங்கள். உண்மையாகக் கஷ்டப்பட்ட மகன்கள் பலர் சத்தமில்லாமல் வாழ்கிறார்கள். அவர்களுக்கு யாரும் புல்லாங்குழல் வாசிப்பதில்லை.'

நானூறு பேருக்குப் பிடித்துவிட்டது. என் வாழ்நாளில் நானூறு பேருக்குப் பிடித்த காரியம் எதையும் நான் செய்ததில்லை. மத்தியானம் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அன்று சாயங்காலம் விளம்பர இடைவேளையில் நர்ஸ் தன் போனைப் பார்த்து, "அட, இங்க ஒருத்தர் நல்லா எழுதியிருக்காரும்மா" என்று அதை உரக்கப் படித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தில் பெருமை தெரிந்துவிடக் கூடாதே.

அம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு, "பாவம், தாயில்லாம வளந்த எவனோ எழுதியிருக்கான்" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் லிஃப்ட் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றது. காலை ஒன்பதரை மணி. நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேலே ஓடி மெஷின் ரூமைத் திறந்தேன். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் லிஃப்ட் மெல்ல மெல்ல அடுத்த தளத்துக்கு வந்து சேரும். நான்கு நிமிட வேலை. அதற்கு முன்னால் உள்ளே இருப்பவர்களுக்குத் தைரியம் சொல்ல அங்கே ஒரு ரிசீவர் இருக்கிறது. எடுத்துக் காதில் வைத்தேன். உள்ளே இருந்த இருவருக்கும் பயமே இல்லை. நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நர்ஸும் வாத்தியாரும்.

"அந்தம்மா அந்தப் பையனுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசறாங்களே சார், சொந்தப் பையன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசி நான் பாத்ததில்லை" என்றது நர்ஸின் குரல்.

"யாரு, லிஃப்டா? அவர்கிட்ட என்னத்தப் பேசறது? அமைதியான மனுஷன்."

"அமைதியா! மூஞ்சியை நல்லாப் பாருங்க. திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்ச குழந்தை, யாராவது வந்து அழைச்சிட்டுப் போவாங்கன்னு நிக்குமே, அந்த மூஞ்சி. இந்த வயசுலயும்."

"இருக்கலாம். ஆனா நாடகத்துப் பையன் மாதிரி இவரால அழ முடியாது. அழுதா நல்லா இருக்காது."

"அது உண்மைதான்" என்று நர்ஸ் உடனே ஒத்துக்கொண்டார்.

இதைக் கேட்டதும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? சக்கரத்தைச் சுற்றியிருக்க வேண்டும். சுற்றவில்லை. ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டேன். இன்னும் ஏதாவது சொல்வார்கள், ஒரு நல்ல வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தேன். நான்கு நிமிட வேலை பதினொரு நிமிடம் ஆனது. வந்த ஒரே நல்ல வார்த்தை, "வேலை சுத்தமாச் செய்வார், ஆனா லேட்" என்பது. அந்த நேரம் பார்த்து மெஷின் ரூம் தூசு மூக்கில் ஏறி, ரிசீவருக்குள்ளேயே தும்மிவிட்டேன்.

"லிஃப்டு?" என்று வாத்தியாரின் குரல் மெதுவாகக் கேட்டது. "எவ்வளவு நேரமா இருக்கீங்க?"

"இப்பத்தான் சார் எடுத்தேன்" என்றேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கீழே இறங்கிப்போய்க் கதவைத் திறந்ததும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வானிலையைப் பற்றி நிறையப் பேசினோம்.

அன்றைக்குக் குளியலறைக் கண்ணாடியில் என் முகத்தை வெகுநேரம் பார்த்தேன். நர்ஸ் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு கதவருகில் நிற்பதை விட்டுவிட்டு, உள்ளே வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்து நாடகம் பார்க்கத் தொடங்கினேன். எதிரியை அருகிலிருந்து கவனிப்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வாரத்தில், வளையலை அவன் எங்கே அடகு வைத்தான் என்று தெரியாமல் வேலையில் கவனம் போகாத நிலைமைக்கு வந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் அந்தப் பையன் போலீஸில் மாட்டினான். வேன் இல்லை, மோட்டார் சைக்கிள். அவனை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். அந்தத் தாய் காவல் நிலையத்துக்கு வெளியே, கொட்டுகிற மழையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. புல்லாங்குழலோடு வயலினும் சேர்ந்துகொண்டது. வாத்தியார் வாய்விட்டு அழுதார். "நூத்துக்கு நூறு" என்று விம்மலுக்கு நடுவில் சொன்னார். கறாரான நர்ஸ்கூட மூக்கை உறிஞ்சினார். எனக்கு நெஞ்சு எரிந்தது. பார், இவள் தாய், மழையில் நிற்கிறாள் என்று, என் பழைய கதையைச் சொல்லாமலே அம்மாவுக்குச் சொல்லிக் காட்டுவதுபோல் அவள் பக்கம் திரும்பினேன்.

அம்மா அழவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

"இது தப்பு" என்றாள், விளம்பரம் ஆரம்பித்ததும். "அப்படியெல்லாம் வெளியில நிக்க விடமாட்டாங்க. வழியை மறைக்கறேன்னு திட்டுவாங்க. உள்ள உக்காரப் பெஞ்சு இருக்கும். சுவரோரமாப் போட்டிருப்பாங்க. அதுல ஒரு கால் குட்டை. எழுந்தா உக்காந்தா சத்தம் போடும், அதனால அசையாம உக்காரணும்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று நர்ஸ் கேட்டார்.

"மூணு நாள் உக்காந்திருந்தேனே" என்றாள் அம்மா. "உஷ், விளம்பரம் முடிஞ்சிருச்சு."

மீதி நாடகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்து, தம்ளர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழரைக்கு நாடகம் முடிந்தது. நர்ஸ் எதையோ புரிந்துகொண்டு வாத்தியாரைக் கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா?" என்றேன்.

"ரெண்டரை. முதல் நாள் மத்தியானம்தான் சேதி வந்துச்சு. வேலையிடத்துல சொல்லிட்டு அப்படியே வந்துட்டேன்."

"நான் எங்க இருந்தேன்?"

"சுவருக்கு அந்தப் பக்கம். இருமிட்டே இருந்தே. இருமல் மருந்து வாங்கிட்டு வந்து அந்தப் போலீஸ்காரர்கிட்ட குடுத்தேன். குடுத்தாரா?"

அந்தப் போலீஸ்காரரின் ஈரத்தை எத்தனை பேரிடம், எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். அவருக்கு நான் மனசுக்குள் ஒரு சிலையே வைத்திருந்தேன். பாவம், அவர் பாட்டிலைக் கைமாற்றிவிட்ட ஆள்.

"குடுத்தார்" என்றேன் கடைசியில். "ஏன் என்னை வந்து பாக்கல?"

"பாத்திருந்தா அடிச்சிருப்பேன். இல்லேன்னா அழுதிருப்பேன். ரெண்டும் அங்க பண்ற காரியமா?"

"மாமா ஏன் வேலைன்னு சொன்னார்?"

"நான்தான் சொல்லச் சொன்னேன். அம்மா கையைப் புடிச்சு அழைச்சிட்டுப் போனா உன் கூட்டாளிங்க சிரிப்பாங்க, நீ அதுக்கும் ஏதாவது பண்ணுவேன்னு பயந்தேன். எதிர்ப்பக்கம் மருந்துக்கடை வாசல்ல நின்னேன். நீங்க ரெண்டு பேரும் திரும்பிப் போனதும் அடுத்த பஸ்ல வந்துட்டேன்." ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "வெளிய வந்ததும் என்னைத் தேடினியா?"

எனக்கு எப்போதும் வாயில் தயாராக இருக்கும் பதில் 'இல்லை' என்பதுதான். அன்றைக்கு அது வரவில்லை.

"தேடினேன்."

"எந்தப் பக்கம் பாத்தே?"

"பஸ் நிறுத்தம் பக்கம்."

"மருந்துக்கடை இந்தாண்ட பக்கம்" என்றாள் அம்மா.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமேம்மா. இத்தனை வருஷம்!"

"நீ கேக்கவே இல்லையே."

"எப்படிக் கேப்பேன்?"

"இப்பக் கேட்டியே, அப்படித்தான்."

அவள் குரலிலும் ஏதோ உடைந்தது. எனக்குப் பழக்கமான மாதிரி அழகாக உடையவில்லை. கரகரவென்று, இருமல்போல. இருவரும் நாற்காலியைத் தள்ளுகிற பாவனையில் கொஞ்ச நேரம் நின்றோம். நான் அழுதேன். வாத்தியார் சொன்னது சரி, நன்றாக இல்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "மூக்கைத் துடை" என்று துண்டை நீட்டினாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அம்மா ஸ்டேஷனுக்கு வந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்டா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே! ரெண்டு தடவை சொன்னேன். நீ அந்த இருமல் மருந்து இடத்துக்கு வந்துட்டா யார் பேச்சையும் கேக்க மாட்டே. சொல்லி முடிச்சிட்டு எழுந்து போயிடுவே."

அன்று ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் பொத்தான் பலகையை மாற்றினேன். மூன்றையும் நான்கையும் இடம் மாற்றிப் பொருத்திவிட்டேன். மூன்றாம் மாடியில் கண் மருத்துவமனை, நான்காம் மாடியில் காப்பீட்டு அலுவலகம். பாதி நாள் கண் காட்ட வந்தவர்கள் காப்பீட்டு வரிசையில் நின்று படிவம் நிரப்பினார்கள். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று அவர்கள் சொன்னபோது அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பதினெட்டு வருடத்தில் நான் செய்த முதல் தவறு இது என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் ஒரு பட்டியலை எடுத்துக் காட்டினார்.

நாடகம் அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஓடியது. கடைசி நாளில் பையன் திருந்தி, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றான். தாய் அவனைக் கண்குளிரப் பார்த்தாள். பார்த்த கையோடு செத்துப்போனாள். அவன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். கட்டடம் முழுக்க அழுகை. மேல் மாடியில் யாரோ விசும்பும் சத்தம்கூடக் கேட்டது. நர்ஸ் அழுதுகொண்டே, "மாரடைப்புன்னா இப்படி வசனம் பேச முடியாதே" என்றார். வாத்தியார் மதிப்பெண் போட மறுத்துவிட்டார்.

அம்மாவுக்கு மட்டும் கோபம்.

"அவன் திருந்தினா இவ ஏன் சாகணும்? பேனாவை எடு" என்றாள் என்னிடம். "அவங்களுக்குக் கடிதாசி எழுதணும்."

மேசையில் உட்கார்ந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். நானோ நானூறு பேருக்குப் பிடித்த எழுத்தாளன். சும்மா இருப்பேனா? முதல் வரியிலேயே, 'தாய்மை என்பது ஒரு கடல்' என்று சொந்தமாகச் சேர்த்தேன்.

"என்ன எழுதினே? படி."

படித்தேன்.

"கடலை அடி."

அடித்தேன். அவள் பின்னால் நின்று சொன்னாள். "ஐயா, உங்க நாடகத்தைத் தினமும் பாத்தேன். அந்தம்மா தப்பே பண்ணாத மாதிரி காட்டியிருக்கீங்க. அது பொய். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்துல எல்லாம் கண்ணாடி பொறுக்கிட்டு இருந்தா. அது தப்பு. எழுதினியா?"

"எழுதினேன்."

"பையன் திருந்தினதும் அம்மா சாகத் தேவையில்லை. இன்னும் பத்து வருஷம் இருந்து அவனோட சண்டை போடலாம். அவனும் போடலாம். அடுத்த நாடகத்துலயாவது அப்படி வைங்க. அவ்வளவுதான். கையெழுத்துப் போடறேன், தா."

"அம்மா, 'அவனும் போடலாம்'ங்கிறது தேவையா?"

"இருக்கட்டும்."

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'உங்கள் அன்புக்கு நன்றி' என்று அச்சடித்த அட்டை. கூடவே கோட்டு சூட்டில் அந்த நடிகனின் படம். அம்மா படத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "மெலிஞ்சுட்டான்" என்றாள். அட்டையின் பின்பக்கம் காலியாக இருந்ததால் அதில் காய்கறிக் கணக்கு எழுதினாள்.

இப்போது ஏழு மணிக்கு வேறொரு நாடகம் ஓடுகிறது. இரண்டு சகோதரிகள், ஒரு வீடு, அதை யார் எடுத்துக்கொள்வது என்ற தகராறு. நானும் அம்மாவும் ஆளுக்கொரு சகோதரியின் பக்கம். மூத்தவள் செய்தது சரி என்பாள் அவள். இளையவளைப் பேசவே விடவில்லையே என்பேன் நான். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போய், நான் பன்னிரண்டு வயதில் மறைத்து வைத்த மதிப்பெண் அட்டைவரைக்கும் வந்துவிடுகிறது. அவள் என்னைக் கேட்காமல் விற்ற சைக்கிளும் வருகிறது. எங்கள் சத்தத்தில் வசனம் கேட்கவில்லை என்று சொல்லி வாத்தியார் தன் வீட்டிலேயே பார்க்கப் போய்விட்டார். நர்ஸ் மட்டும் விடாமல் வருகிறார். நேற்றுப் பேச்சு சூடேறியபோது அவர் எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்க அண்ணா, அந்த சைக்கிளுக்கு அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டார்.